சுடலைமாடத்திக்குக் கொடுக்காத எண்

கிருபைக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். நாசரேத்தில் அவளோடு பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இது தெரியும். அவள் மெதுவாகப் பேசத் தொடங்கிவிட்டால் எதிரில் நிற்பவர் தாம் என்ன செய்தோம் என்று யோசித்துக்கொள்வது நல்லது. இறால் கம்பெனி மேனேஜர் ஜெயசிங்குக்கு அது கடைசிவரை தெரியவில்லை.

பாளையங்கோட்டையில் வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தவளுக்கு 1977-இல் தூத்துக்குடியில் அந்த வேலை கிடைத்தது. ஜெயசிங் அவள் வீட்டார் போகிற கிறிஸ்தவ சபைக்காரர். அப்பா போய்க் கேட்டார், அவர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பார்த்தால் 'அண்ணாச்சி' என்பாள். திங்கட்கிழமை கம்பெனியில் 'சார்'. இறாலைக் கழுவுகிற தண்ணீரில் குளோரின் சரியாகக் கலந்திருக்கிறதா, உரித்த இறாலில் கிருமி ஏறியிருக்கிறதா என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. கப்பல் ஏறிப் போகிற சரக்கு. அங்கே ஒரு பெட்டி கெட்டிருந்தால் இங்கே மொத்த லோடும் திரும்பும். அதனால் ஒரு நாளைக்கு ஆறேழு தடவையாவது உரிக்கிற ஹாலுக்குள் போய் வருவாள்.

ஹாலில் நாற்பது பெண்கள். பாதிப் பேர் திரேஸ்புரத்துக்காரர்கள். மீதிப் பேர் மழை பொய்த்த வருஷங்களில் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களிலிருந்து வந்து குடிசை போட்டவர்கள். காலை எட்டு மணியிலிருந்து ஐஸ் தண்ணீரில் கையை விட்டபடி நின்றுகொண்டே தலை கிள்ளி, ஓடு உரித்து, குடல் நரம்பை இழுத்துப் போட வேண்டும். எல்லோருடைய விரல் நுனியும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவர்களுக்குத் தலைவி சுடலைமாடத்தி. விளாத்திகுளத்துக்கு வடக்கே ஏதோ ஒரு ஊர். நாற்பது வயசு, நெடுநெடுவென்று உயரம், யாரையும் ஏறிட்டுப் பார்த்துப் பேசுகிறவள். லேபில் வேலை பார்க்கிற கிருபைக்கு 'லேப்பம்மா' என்று பெயர் வைத்தது அவள்தான்.

1978 மார்ச்சில் அந்தப் பூட்டு வந்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், பெட்டிகள் அடுக்கிவைக்கிற குளிர் அறைக் கதவுக்கென்று அனுப்பியது. சாவி கிடையாது. உள்ளங்கை அகலத்தில் ஓர் எஃகுத் தகடு, அதில் பத்துப் பொத்தான்கள், மேலே சிவப்பு ஒன்று பச்சை ஒன்று என்று இரண்டு சின்ன விளக்குகள். சரியான நாலு எண்களை அழுத்தினால் பச்சை எரிந்து, கதவுச் சட்டத்துக்குள் இருக்கிற மின்சாரப் பிடி 'டக்'கென்று விட்டுக்கொடுக்கும். கூடவே இருபத்துநாலு பக்க ஆங்கிலப் புத்தகம்.

"நீ சயின்ஸ் படிச்சவ. இத வாசிச்சு எனக்கு விளங்குத மாதிரிச் சொல்லு" என்று ஜெயசிங் புத்தகத்தை அவளிடம் கொடுத்தார்.

இரண்டு நாள் வாசித்தாள். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு பூட்டுக்கு ஞாபகசக்தி இருப்பது அவளுக்கு அதிசயமாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டு போய் மேனேஜருக்கு விளக்கினாள்.

"இதுல மூணு படி இருக்கு சார். மேல்படி மாஸ்டர் நம்பர். அது ஒண்ணே ஒண்ணுதான். அத வச்சிருக்கவங்கதான் மத்தவங்களுக்கு நம்பர் குடுக்கலாம், குடுத்தத அழிக்கலாம். ரெண்டாம் படி சூப்பர்வைசருக்கு. எந்நேரமும் திறக்கலாம், ஆனா ஆரையும் சேக்கவோ நீக்கவோ முடியாது. மூணாம் படி சாதாரண ஆளுக்கு. அவங்களுக்கு நம்பர் இருந்தாலும் மேல உள்ளவங்க அனுமதிச்ச நேரத்துலதான் திறக்கும். மொத்தம் இருவது இடம். தப்பா மூணு தடவ அமுக்கிட்டா அஞ்சு நிமிஷத்துக்குப் பூட்டு செத்துப் போவும். அப்பம் மாஸ்டர் நம்பருக்குக்கூட திறக்காது."

"கரண்டு போயிட்டா?"

"பேட்டரி இருக்கு. அதுவும் போயிட்டா திறந்தே கிடக்கணுமா, பூட்டியே இருக்கணுமான்னு நாமதான் ஒரு ஒயர மாத்திக் குடுக்கணும்."

"பூட்டியேதான் இருக்கணும். இது என்ன கேள்வி?" என்றார் ஜெயசிங். பிறகு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இத குளிர் ரூம்ல போட வேண்டாம். ஹால் கதவுல போடுவோம். உள்பக்கமா."

கிருபைக்கு முதலில் புரியவில்லை. கதவுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டால் வெளியே இருந்து வருகிறவனை அது எப்படித் தடுக்கும்?

"வாரவனத் தடுக்கதுக்கு இல்ல. போறவளத் தடுக்கதுக்கு. ஒண்ணுக்குப் போறேன், வெத்தல துப்பப் போறேன்னு மணிக்கு ஒருத்தி வெளிய நிக்கா. தூக்குச்சட்டியில எறாலும் போவுது."

"எறாலு போவுதுன்னு பாத்தீயளா சார்?"

"பாக்காமலா சொல்லுதேன்?"

அவர் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மேனேஜர் சொல்லச் சொல்ல அவளே பொத்தான்களை அழுத்தி எண்களை ஏற்றினாள். மாஸ்டர் மேனேஜருக்கு. அதை மட்டும் அவர் அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தாமே அழுத்தினார். இரண்டாம் படியில் இருவர்: ஹால் சூப்பர்வைசர், மாதிரி எடுக்கப் போய்வர வேண்டியிருந்ததால் கிருபை. மூன்றாம் படியில் யாருமில்லை. நாற்பது பெண்களில் ஒருத்திக்கும் எண் இல்லை. வெளிப்பக்கம் திறக்க ஒரு சாவித்துளை உண்டு. அந்தச் சாவி மேனேஜர் மேசைமேல் இருக்கும், அவர் வெளியே போனால் அவர் பையில்.

"தலைவிக்காவது ஒண்ணு குடுப்போம் சார். மூணாம் படிதான. நாம அனுமதிச்சாத்தான் திறக்கும்."

"அவளுக்கு எதுக்கு நம்பர்?" என்றார் ஜெயசிங். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாளிலிருந்து, வயிறு முட்டினால் ஒரு பெண் சூப்பர்வைசரைத் தேட வேண்டும். அவர் ஹாலில் இருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து, முதுகால் பொத்தான்களை மறைத்து அழுத்துவார். இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். கல்யாணமாகி மூன்று மாதமான சீனித்தாய் ஒருநாள் நின்ற இடத்திலேயே சேலையை நனைத்துக்கொண்டாள். இறால் கழுவுகிற தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு, ஈரம் வெளியே தெரியாமல் சாயங்காலம்வரை உரித்தாள். அதைக் கிருபையிடம் சொன்னது சுடலைமாடத்தி. சொன்னபோது அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அன்று முதல் கிருபை ஹாலுக்குள் இருக்கிற நேரமெல்லாம் கேட்கிறவர்களுக்குத் தன் எண்ணைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். மாதிரி எடுக்க ஆறு தடவை போனவள் பத்துத் தடவை போனாள். பத்துத் தடவை போனவளுக்குக் குளோரின் பார்க்க ஒரு நாளைக்கு எத்தனை குப்பி வேண்டும் என்று சூப்பர்வைசர் மேனேஜரிடம் போய்க் கேட்டார்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை பத்தரை மணிக்கு, அன்று முதல் தடவையாக ஹாலுக்கு வந்த கிருபையை, சூப்பர்வைசர் உள்ளிருந்து கதவைத் திறந்து விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். மேனேஜர் சரக்கு ஏற்றுமதி விஷயமாகப் புதுத் துறைமுகத்துக்குப் போயிருந்தார். கிருபை மூன்றாவது குப்பியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது, பக்கத்து உறையவைக்கிற அறையில் டயர் வெடித்தது போல ஒரு சத்தம். குளிரூட்டுகிற அமோனியா வாயு போகிற குழாயில் ஒரு வால்வு பிய்த்துக்கொண்டது. தடுப்புக்குத் தொங்கிய பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கிக்கொண்டு வெள்ளைப் புகை ஹாலுக்குள் வந்தது. அந்த நெடியை முகர்ந்தவர்களுக்குத் தெரியும். மூக்கில் ஏறுவதற்கு முன்பே கண்ணில் ஏறிவிடும்.

புகைக்கு மிக அருகில் நின்றது சீனித்தாய். அலறிக்கொண்டு முகத்தைப் பொத்தினாள். நாற்பது பேரும் கதவுக்கு ஓடினார்கள்.

"லேப்பம்மா! நம்பர் போடுங்க!"

கிருபை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தன் எண்ணை அழுத்தினாள். சிவப்பு. அவசரத்தில் தவறிவிட்டது என்று நினைத்து, கண்ணைத் துடைத்து, ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்து மறுபடி அழுத்தினாள். சிவப்பு. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தவறவில்லை. அவளுடைய எண் பூட்டுக்குள் இல்லை. யாரோ அழித்திருக்கிறார்கள். அழிக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான்.

"ஆரும் தொடாதீங்க! இன்னொரு தடவ தப்பா அமுக்கினா செத்துரும்!" என்று கத்தினாள். சூப்பர்வைசர் ஓடிவந்து எண்ணைக் கதவுக்கு வெளியே இருந்து கத்தினால்கூடப் போதும் என்று நினைத்தாள். ஆனால் அந்த நெரிசலில் யாருடைய கையோ பொத்தான்கள்மேல் விழுந்து நாலைந்தை அழுத்தியது. சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. இனி ஐந்து நிமிஷத்துக்கு யார் வந்தாலும் ஒன்றுமில்லை.

வெளியே கம்ப்ரஸர் ஆபரேட்டர் ரோச்சின் குரல் கேட்டது. "மெயின் வால்வ அடச்சிட்டேன்! ஆனா குழாயில உள்ளது வந்துட்டேதான் இருக்கும்! தெறந்துட்டு வாங்க வெளிய!"

"தெறக்கல!" என்றாள் கிருபை.

"சாவி எங்கன?"

"மேனேஜர் பையில!"

ரோச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

கிருபை படித்த படிப்பு அப்போது கைகொடுத்தது. அமோனியாவைத் தண்ணீர் உறிஞ்சும். "முந்தானைய நனச்சு மூஞ்சிய மூடுங்க! குனிஞ்சு உக்காருங்க!" என்றாள். இறால் தொட்டித் தண்ணீரில் முப்பத்தொன்பது முந்தானைகள் நனைந்தன. சீனித்தாயின் கண்ணில் இரண்டு பேர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். சுடலைமாடத்தி உட்காரவில்லை. மூலையில் ஐஸ் கட்டி உடைக்கிற கடப்பாரை சாத்தியிருந்தது. எடுத்துக்கொண்டு வந்து பொத்தான் தகட்டின்மேல் ஓங்கினாள்.

"அங்கன வேண்டாம் அக்கா! அத உடைச்சா திறக்காது. பூட்டியே கிடக்கதுமாதிரி ஒயர் குடுத்திருக்கு. இந்தச் சட்டத்துல அடிங்க. பிடி இருக்கது இதுக்குள்ளதான்" என்று கிருபை கதவுச் சட்டத்தில் ஒரு சாண் இடத்தைக் கையால் தடவிக் காட்டினாள்.

நாலு அடி. ஐந்தாவது அடியில் மரச்சட்டம் பிளந்து, மின்சாரப் பிடி ஒயரோடு பிய்ந்து தொங்கியது. கதவு திறந்தது. வெளியே வந்தவர்கள் மண்ணில் விழுந்து வாந்தி எடுத்தார்கள். யாரும் சாகவில்லை. சீனித்தாயை ரோச் தன் கையில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

மறுநாள் காலை கம்பெனி நோட்டீஸ் பலகையில் ஒரு தாள். விலைமதிப்புள்ள வெளிநாட்டுப் பூட்டை வேண்டுமென்றே உடைத்த குற்றத்துக்காகச் சுடலைமாடத்தி வேலைநீக்கம்.

கிருபை நின்று அதை இரண்டு தடவை வாசித்தாள். அன்று சாயங்காலம் வழி கேட்டுக்கேட்டுச் சுடலைமாடத்தியின் குடிசைக்குப் போனாள். ஆறுதல் சொல்லத்தான் போனாள். சுடலைமாடத்தி உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் பூட்டுல நம்பரு ஏத்துனது ஆரு லேப்பம்மா?"

"நான்தான் அக்கா."

"நாப்பது பொம்பளைக்கு ஒரு நம்பரு இல்லேன்னு தெரிஞ்சுதான ஏத்துனிய?"

"தெரிஞ்சுதான்."

"நீங்க தெறந்து விட்டியன்னு நாங்க ஒங்கள நல்லவளா நெனச்சோம். நல்லவ எதுக்கு ஒருத்தி வேணும்? கதவு எங்களுக்குத் தெறந்தாப் பத்தாதா?"

கிருபை குடிசையை விட்டு வெளியே வந்தாள். திரும்பி நடந்து வந்தபோது கோபம் முதலில் தன்மேலும், கொஞ்ச தூரம் போனதும் மேனேஜர்மேலும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று தணிக்கவில்லை.

திங்கட்கிழமை ஜெயசிங் அவளை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தட்டச்சுத் தாளை நீட்டினார். பூட்டில் யார் யாருக்கு எண் இருந்தது என்ற பட்டியல். ஏழாவது இடத்தில் 'சுடலைமாடத்தி, மூன்றாம் படி, 3306' என்று இருந்தது. மார்ச் மாதத் தேதி.

"கையெழுத்துப் போடு. நீதான ஏத்துன."

"ஏழாவது எடத்துல ஆரும் இல்ல சார்."

"இருந்தது. அவ பதட்டத்துல மறந்துட்டா. பதட்டத்துல பூட்ட ஒடச்சிட்டா. ரிப்போர்ட்டு அப்படித்தான் போவுது."

"என் நம்பர எப்பம் அழிச்சிய?"

அவர் தாளைப் பார்த்தபடியே சொன்னார். "வெள்ளிக்கிழம காலையில. நீ தெறந்து விடுத தெறப்புக்கு அந்தப் பூட்டு எதுக்கு? சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிட்டு. இங்க பாரு கிருபை, ஒங்க அப்பா எங்கிட்ட வந்து நின்னது எனக்கு ஞாபகம் இருக்கு. ஒனக்கும் இருக்கணும்."

கிருபையின் குரல் இறங்கியது. "எங்கப்பா எனக்கு வேல கேட்டுதான் வந்தாவ அண்ணாச்சி. பொய்யில கையெழுத்துப் போட ஆள் அனுப்புதேன்னு சொல்லிக்கிட்டு வரல."

கம்பெனிக்குள் அவரை அண்ணாச்சி என்று அழைத்தது அது ஒரு தடவைதான். தாளை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். அன்று மத்தியானமே தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு, திருநெல்வேலி விலாசத்துக்கு, ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதினாள். பெயர் போடாமல் எழுதலாம் என்று ரோச் சொன்னார். பெயர் போட்டுத்தான் எழுதினாள். உடைந்த பூட்டை ரோச் சனிக்கிழமையே கதவோரத்திலிருந்து கழற்றி, பேட்டரியோடும் ஒயரோடும் கம்ப்ரஸர் ரூம் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். கேட்ட சூப்பர்வைசரிடம், "அமோனியா பட்ட சாமான். தொட்டா தோலு உரிஞ்சிரும்" என்று சொல்லிவைத்தார்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். தடித்த கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். மேனேஜர் அறை மேசையில் பூட்டை வைத்தார்கள். ஜெயசிங் பட்டியலைக் காட்டினார். அவளுடைய கையெழுத்து இல்லாத பட்டியல்.

இன்ஸ்பெக்டர் கிருபையைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்லுதிய?"

"3306-ஐ அமுக்கிப் பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் அவரே அழுத்தினார். சிவப்பு.

ஜெயசிங் உடனே சொன்னார்: "மூணாம் படி நம்பர் அப்படித் தெறக்காது சார். சூப்பர்வைசர் அனுமதி குடுத்திருக்கணும். இப்பம் அனுமதி இல்ல, அதான் செவப்பு."

அறையில் இருந்தவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கிருபை மெதுவாக, பக்கத்தில் இருப்பவர் குனிந்து கேட்க வேண்டிய அளவுக்கு மெதுவாகப் பேசினாள்.

"சரி சார். நம்பர் இருந்ததுன்னே வச்சுக்கிடுவோம். அன்னைக்கு அனுமதி குடுக்க வேண்டிய சூப்பர்வைசர் ஆபீசுல இருந்தாரு. அப்பம் அன்னைக்கும் அந்த நம்பருக்குச் செவப்புதான் எரிஞ்சிருக்கும். தெறக்கவே தெறக்காத நம்பர ஒருத்திக்குக் குடுத்துட்டு, அத ஏன் போடல, பூட்ட ஏன் ஒடச்சன்னு வேலய விட்டு எடுத்திருக்காவ. நம்பர் இல்லேன்னா இந்தத் தாளு பொய். இருந்ததுன்னா இவுக ரிப்போர்ட்டு பொய். எது பொய்யின்னு மேனேஜர் சாரே சொல்லட்டும்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உள்ள ஆள் இருக்கும்போது, உள்ள இருந்து உடனே திறக்க முடியாதபடி கதவப் பூட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. தெரியுமா?"

"இது நவீனப் பூட்டு சார்..." என்றார் ஜெயசிங்.

"நாப்பது பேரப் பூட்டி வச்சிருக்கிய. பூட்டு நவீனமா இருந்தா என்ன, பழசா இருந்தா என்ன?"

வழக்குப் பதிவாயிற்று. மாதங்கள் இழுத்து, கம்பெனிக்கு ஓர் அபராதத்தோடு முடிந்தது. ஒரு நாள் சரக்கில் கழிந்துபோகிற அபராதம். ஹாலுக்கு, உள்ளிருந்து தள்ளினால் வெளிப்பக்கம் திறக்கிற சாதாரணக் கதவு வந்தது. சுடலைமாடத்தியை வேலைக்குத் திரும்ப எடுக்கச் சொல்ல இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் இல்லை. அதைச் செய்தவர்கள் அவளும் சீனித்தாயும் போக மிச்சமிருந்த முப்பத்தெட்டுப் பேர்தான். இறால் குவிகிற பருவத்தில் மூன்று நாள் ஒருத்தியும் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கம்பெனி ஜீப் குடிசைக்கு வந்து சுடலைமாடத்தியைக் கூப்பிட்டது. அவள் ஜீப்பில் ஏறவில்லை. "நாளைக்கு எட்டு மணிக்கு நடந்து வாரேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

கிருபைக்கு டிசம்பரில் ஒரு கடிதம் வந்தது. அவளுடைய சேவை இனித் தேவையில்லை என்று ஒரே வரி. ஊரில் சொந்தக்காரர்கள் அவளைத்தான் திட்டினார்கள். ஜெயசிங் கோயிலில் எப்போதும் போல முன்வரிசையில் உட்கார்ந்து நற்கருணை வாங்கினார். ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கிருபை சாத்தான்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தாள். அங்கேதான் கடைசிவரை வேலை பார்த்தாள்.

சேர்ந்த முதல் வருஷம், மாதத்தில் ஒரு சனிக்கிழமை தூத்துக்குடிக்கு வந்து சீனித்தாயைக் கூட்டிக்கொண்டு மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். இடது கண் தேறியது. வலது கண்ணில் வெள்ளை விழுந்து நிலைத்துவிட்டது. கடைசியாகப் போன அன்று, இனி வர வேண்டாம், இதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் தூத்துக்குடி பஸ்ஸுக்கு நின்றபோது சீனித்தாய் கேட்டாள்:

"இந்த ஒரு வருசத்துல அந்த மேனேஜரு எங்கண்ணப் பத்தி ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டாவளா லேப்பம்மா?"

"இல்ல சீனி."

"பூட்டப் பத்தி?"

"அதக் கேட்டாவ. ரிப்பேர் பண்ணிரலாமான்னு ரோச்சுகிட்ட ரெண்டு தடவ கேட்டாவளாம்."

சீனித்தாய் சேலை முனையால் வலது கண்ணைத் துடைத்தாள். அதில் எந்நேரமும் நீர் வடிந்துகொண்டிருந்தது. பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. கிருபை யாரையும் தள்ளாமல், யாருக்கும் வழியும் விடாமல், படியோரம் கூட்டத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, "நீ ஏறு சீனி, மொதல்ல நீ ஏறு" என்றாள்.